குந்த முடியாதவருக்கு மரக்கறிப் பாத்தி

நுவரெலியா, ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் இளைஞர் மன்றத்தாருக்கும் மாதர் சங்கத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

நடமாட்டம் குறைந்த ஒருவருக்கு மரக்கறிப் பாத்தி போடும்போது முதல் அளவை நிலத்தில் எடுக்கக் கூடாது, அவருடைய கையில் எடுக்க வேண்டும். வழக்கமாக உட்காரும் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, முதுகை வளைக்காமல் கையை நீட்டச் சொன்னால் விரல் நுனி எங்கே போய் நிற்கிறதோ, அதுவரைதான் அவருடைய காணி. பெரும்பாலானவர்களுக்கு அது இரண்டு அடி. தோள்பட்டை இறுகிப் போனவருக்கு ஒன்றரை அடி. சுவரோரப் பாத்தி அதைவிட அகலமாக இருந்தால் மிச்ச மண் களைக்குத்தான். இரண்டு பக்கமும் போய்வர வழியுள்ள பாத்தி நான்கு அடி வரை அகலலாம். நீளத்தில் ஆறு அடிக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. பன்னிரண்டு அடி நீளப் பாத்தியை ஊன்றுகோலோடு ஒருமுறை சுற்றி வருபவர் அடுத்த நாள் வரமாட்டார்.

இப்படிப்பட்ட பாத்தி யாருக்குத் தேவை என்று மலையகத்தில் தேடிப் போக வேண்டியதில்லை. முப்பது, நாற்பது வருடம் சரிவில் நின்று கொழுந்தெடுத்து, நாளுக்குப் பதினாறு, பதினெட்டு, இருபது கிலோ என்று நிறுவைக்குச் சுமந்துவிட்டு வேலையை விட்டு நின்றவர்கள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் ஒரே பாத்தி பொருந்தாது. முழங்கால் தேய்ந்தவர் நிற்பார், நடப்பார், குந்த மாட்டார். பக்கவாதம் வந்தவருக்கு வேலை செய்வது ஒரு கைதான். ஊன்றுகோல்காரருக்கும் அப்படியே, மறுகையில் வாளியைக் கொடுத்தால் விழுந்துவிடுவார். நீரிழிவால் கால் இழந்தவர் சக்கர நாற்காலியில் இருப்பார். கண்ணில் புரை விழுந்தவருக்குப் படியின் விளிம்பு தெரியாது. ஆளைப் பார்க்காமல் 'வயசானவங்களுக்கு' என்று பொதுவாகப் போடும் பாத்தி இவர்களில் ஒருவருக்கும் உதவாது.

அப்படிப் பொதுவாகப் போட்ட பாத்திகளை நாம் பார்த்திருக்கிறோம். 2021 ஏப்ரல் இறுதியில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்ய முடிவெடுத்து, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கியது. 2022 இல் பொருளாதாரம் சரிந்தபோது வீட்டுக்கு வீடு பயிர் செய்யுங்கள் என்ற பேச்சு நாடு முழுக்கக் கிளம்பியது. அந்த உற்சாகத்தில் வெட்டப்பட்டவை பெரும்பாலும் தரைப்பாத்திகள். மம்பட்டி பிடிக்கவும் குந்தியிருந்து களை பறிக்கவும் முடிந்தவர்களுக்கானவை அவை. வீட்டில் பகல் முழுக்க இருப்பவர், அதனாலேயே பயிரைப் பார்த்துக்கொள்ள நேரமுள்ளவரே குந்த முடியாதவர் என்பது கணக்கில் வரவில்லை.

இடம் எது என்பது அடுத்த கேள்வி. லயத்தில் இருப்பவருக்கு முன்னால் இஸ்தோப்பும் அதையொட்டிய சில அடி வாசலும் உண்டு. அதுவும் பக்கத்துக் காம்பராக்காரரோடு பொது வழி. பின்பக்கம் குசினிச் சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவே ஒரு கான் ஓடும். தனி வீட்டுத் திட்டங்களில் குடியேறியவர்களின் நிலைமை கொஞ்சம் மேல். அங்கே ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஏழு பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடியைப் பிடித்துக்கொண்டாலும் கைவசம் 1,300 சதுர அடிக்கு மேல் இருக்கும். நடமாட்டம் குறைந்தவருக்கு அதில் ஐம்பது சதுர அடிப் பாத்தி போதும். மிச்சத்தை வீட்டிலுள்ள மற்றவர்கள் செய்யட்டும், அல்லது புல்லாகவே கிடக்கட்டும். 'சும்மா கிடக்கிறதே' என்று பாத்தியைப் பெருக்குவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை.

லயத்துக்காரருக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. நிலம் அவருடையதல்ல. பாதை போடவோ கான் திருத்தவோ நிர்வாகம் நாளைக்கே அந்த இடத்தைக் கேட்கலாம். வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்து அவரே வேறு மலைக்குப் போகவும் நேரலாம். ஆகவே சாக்கிலும் வாளியிலும் மரப்பெட்டியிலும் பயிர் செய்வதை வசதியில்லாதவர்களின் ஒப்பேற்றல் என்று நினைக்க வேண்டாம். உறுதிப்பத்திரம் கையில் இல்லாத இடத்தில் அதுவே சரியான முறை. கல் கட்டிய பாத்தி ஏழு பேர்ச்சஸ்காரருக்குப் பொருந்தும்.

எந்த வீடாக இருந்தாலும் பின்பக்கத்து மண்மேட்டை வெட்டி இடம் எடுக்கக் கூடாது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மலையகத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சரிவின் அடியை வெட்டினால் மேலேயிருக்கும் மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. பாத்திக்கு மண் வேண்டுமென்றால் வேறிடத்திலிருந்து சுமந்து வர வேண்டும். அது மன்றத்துப் பிள்ளைகளின் தோளுக்குரிய வேலை.

பாத்திக்கு முன்னே பாதை போட வேண்டும். ஊன்றுகோல்காரருக்கும் சக்கர நாற்காலிக்கும் மூன்று அடி அகலம் வேண்டும், நாற்காலி திரும்புமிடத்தில் ஐந்து அடி. சாய்வு பன்னிரண்டுக்கு ஒன்று என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் அளவு: ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம். அந்தக் கணக்கை ஹற்றன் சரிவில் போட்டுப் பார்த்தால், வாசலுக்கும் பாத்திக்கும் மூன்று அடி உயர வித்தியாசம் இருந்தாலே 36 அடிச் சாய்பாதை தேவைப்படும். லயத்து வாசலில் அதற்கு இடமேது? எனவே பாத்தி வாசல் மட்டத்திலேயே இருக்க வேண்டும், கீழே எவ்வளவு நல்ல மண் கிடந்தாலும் சரி. வலது குறைந்தோர் உரிமைகளுக்கு 1996 இல் 28 ஆம் இலக்கச் சட்டம் வந்தது, அணுகு வசதிக்கு 2006 இல் ஒழுங்குவிதிகள் வந்தன. அந்த விதிகள் பேசுவது பொதுக் கட்டடங்களைப் பற்றி. லயத்து வாசலைக் கேட்பாரில்லை.

படி தவிர்க்க முடியாத இடத்தில் உயரம் ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல், மிதிக்கும் பலகை ஒரு அடிக்குக் குறையாமல், எல்லாப் படியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு படி மட்டும் அரை அங்குலம் கூடினால் கால் அங்கேதான் தட்டும். விளிம்பில் வெள்ளைப் பெயின்ற் ஒரு கோடு. கைப்பிடிக்கு இரும்புக் குழாய்தான் சரி. மூங்கிலும் மரமும் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பாசி பிடித்து வழுக்கும். வழுக்கும் கைப்பிடியைவிடக் கைப்பிடி இல்லாததே மேல், ஏமாற்றாது. சீமெந்துத் தரையை மட்டப்பலகையால் வழவழப்பாகத் தேய்த்துவிடக் கூடாது. இறுகுவதற்கு முன் ஈர்க்குமாற்றை நடக்கும் திசைக்குக் குறுக்காக இழுத்துவிட்டால் நுண்ணிய கோடுகள் விழும், ஜூன் மாதத்து மழையில் செருப்பு பிடிக்கும். சரளைக்கல் பரப்புவது மலிவு. ஆனால் ஊன்றுகோலின் நுனியும் சக்கரமும் அதில் புதையும். குறுக்கே ஓடும் கானுக்குப் பலகை போடாமல் கொங்கிறீற் சிலாப் போட வேண்டும். 2018 இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு தோட்டக் குடியிருப்புகளிலும் சபைகள் வேலை செய்யலாம். பாதைக்கும் சிலாப்புக்கும் பிரதேச சபை உறுப்பினரிடம் மன்றம் கடிதம் கொடுக்க இது போதிய காரணம்.

தண்ணீர் விஷயத்தில் மலையகம் ஒரே மாதிரியில்லை. ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். அங்கே பயிரைக் கெடுப்பது மிகை நீர். நுவரெலியாவில் மழை அதில் பாதிக்கும் குறைவு. இரண்டு இடத்திலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில், அப்போதுதான் பாத்திக்கு நீர் ஊற்ற வேண்டும். பீலிக்கரையிலிருந்து ஒரு வாளி பத்து லீற்றர் என்றால் பத்துக் கிலோ. ஊன்றுகோல்காரரால் அதைத் தூக்க முடியாது. கூரைத் தண்ணீர் விழும் மூலையில் 200 லீற்றர் பரல் ஒன்றைச் சீமெந்துக் கல் அடுக்கி இரண்டடி உயரத்தில் நிறுத்தி, அடியில் குழாய்த் திறப்பு வைத்து, அங்கிருந்து பாத்திக்கு மெல்லிய ஹோஸ் இழுத்துவிட்டால் தூக்கும் வேலையே இல்லை. திறப்பு திருகும் வகையாக இல்லாமல் நெம்பித் திறக்கும் வகையாக இருக்கட்டும். விரல் மடங்காதவர் உள்ளங்கையால் தள்ளித் திறப்பார். பரலுக்கு மூடியும் வலையும் கட்டாயம், நுளம்பும் விழும், பிள்ளைகளும் எட்டிப் பார்ப்பார்கள்.

பாத்தியின் அமைப்பில் இரண்டு வகை மலையகத்துக்கு நன்றாகப் பொருந்தும். இரண்டும் ஆபிரிக்காவில் பரவியவை.

முதலாவது லெசோத்தோவின் வட்டப் பாத்தி. லெசோத்தோ முழுக்க முழுக்க மலைநாடு. அதன் மிகத் தாழ்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றர், ஹற்றனைவிட உயரம். எயிட்ஸ் நோயால் ஆட்கள் படுக்கையில் விழுந்து, முதியவர்களும் பிள்ளைகளும் மட்டும் மிஞ்சிய குடும்பங்களுக்காக அங்கே தொண்டு நிறுவனங்கள் இதைப் பரப்பின. இடுப்பளவு கல் சுவரால் ஒரு வட்டம். ஒரு பக்கத்தில் ஆள் உள்ளே நுழைந்து நிற்க ஒரு வெட்டு. நடுவில் குச்சியால் பின்னிய கூடை. குசினிக் கழிவும் அரிசி களைந்த தண்ணீரும் அந்தக் கூடைக்குள் போகும், அங்கிருந்து ஈரமும் சத்தும் மண்ணுக்குள் ஊறிப் பரவும். வெட்டுக்குள் நிற்பவர் இடம் பெயராமல் திரும்பினாலே பாத்தியின் பெரும்பகுதி கைக்குள் வரும். கல்லுக்கு மலையகத்தில் பஞ்சமில்லை. தேயிலை மலைகளில் கல் அணை கட்டிப் பழகிய கைகளும் இருக்கின்றன.

ஆனால் லெசோத்தோவில் மழை குறைவு, அங்கே பாத்தி ஈரத்தைப் பிடித்து வைக்க வேண்டும். இங்கே வடிய விட வேண்டும். ஆகவே அடியில் ஒரு அடிக்கு உடைகல், சுவரில் தரையோடு ஒட்டி நாலைந்து வடிதுளைகள், மழை மாதங்களில் நடுக்கூடைக்கு ஒரு தகர மூடி. எடையையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். ஆறு அடி விட்டமும் இரண்டரை அடி உயரமும் உள்ள வட்டத்தில் ஏறத்தாழ 70 கன அடி மண்ணும் கல்லும் அடங்கும், மழையில் ஊறினால் அது மூன்று தொன்னைத் தொடும். புதிதாகக் கொட்டி நிரப்பிய மண்ணிலோ மேட்டின் விளிம்பிலோ அதைக் கட்டினால் சுவர் வெடிக்கும், சில வேளை விளிம்பே போய்விடும். உறுதியான வெட்டுத்தரையில் மட்டுமே கட்டலாம். நின்று வேலை செய்பவருக்குச் சுவர் இரண்டரையிலிருந்து மூன்று அடி, நாற்காலியில் இருப்பவருக்கு இரண்டு அடி. சுவரின் தலையில் ஒரு தட்டைக்கல் வரிசை இருந்தால் சாய்ந்து உட்காரலாம், மூச்சு வாங்கலாம். சக்கர நாற்காலிக்கு வெட்டின் அகலம் மூன்று அடி.

சக்கர நாற்காலியின் முழங்கால் உள்ளே போகும்படி மேசைபோல் பாத்தி செய்வது படங்களில் அழகாக இருக்கும். நடைமுறையில் முழங்காலுக்கு 27 அங்குலம் விட்டு, அதன்மேல் பலகையும் மண்ணும் வைத்தால் மண்பரப்பு நெஞ்சுக்கு வந்துவிடும். ஆறு அங்குல ஆழத்தில் சலாதும் கீரையும் மட்டும் போடுவதானால் மேசைப்பாத்தி சரி. மற்றதற்கெல்லாம் இரண்டடிப் பாத்தியின் பக்கத்தில் நாற்காலியை ஒருக்களித்து நிறுத்துவதே நல்லது.

இரண்டாவது சாக்குப் பாத்தி. நைரோபியின் கிபேரா சேரியில் 2008 வாக்கில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பரவியது. இங்கே அதற்கு 50 கிலோ பசளைச் சாக்கு போதும். வெறும் மண்ணைக் கொட்டி நிரப்பினால் தண்ணீர் மேலேயே தேங்கி அடிப்பாகம் காய்ந்து கிடக்கும். அதற்குத்தான் நடுவில் கல் தூண். இரண்டு பக்கமும் வெட்டிய பால்மா டின் ஒன்றைச் சாக்கின் அடியில் நடுவாக நிறுத்தி, டின்னுக்குள் சிறுகல்லும் சுற்றிலும் மண்ணும் நிரப்ப வேண்டும். டின் நிரம்பியதும் அதை மேலே இழுத்து மறுபடியும் நிரப்ப வேண்டும். இப்படியே மேல்வரை போனால் சாக்கின் நடுவில் ஒரு கல் நிரல் நிற்கும். மேலே ஊற்றும் ஒரு கோப்பைத் தண்ணீர் அதன் வழியே அடிவரை இறங்கும். சாக்கின் பக்கவாட்டில் ஒரு சாண் இடைவெளியில் கத்தியால் சிறு கீறல் போட்டு அங்கெல்லாம் கீரை நடலாம். நிற்பவரின் தொடையிலிருந்து இடுப்பு வரை, உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சு வரை, இலை கைக்கு நேராக இருக்கும். சாக்கை முதலில் அதற்குரிய இடத்தில், இரண்டு சீமெந்துக் கல்லின் மேல் வைத்துவிட்டே நிரப்ப வேண்டும். நிரம்பிய சாக்கை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். மலை வெயிலில் சாக்கு ஒன்றிரண்டு வருடத்தில் நார் நாராகப் போகும், ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைச் சாக்கு போட்டால் கூடுதலாகத் தாங்கும். பசளைச் சாக்கைப் பல தண்ணீரில் அலசியே பாவிக்க வேண்டும். களைநாசினி, பூச்சிநாசினி வந்த கொள்கலன் எதையும் எவ்வளவு கழுவினாலும் இதற்கு எடுக்கக் கூடாது.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேயிலை மண் புளிப்பு மண். கார அமில அளவில் 4.5 முதல் 5.5 வரை தேயிலைக்கு இதம். மரக்கறிக்கு 6 க்கு மேல் வேண்டும். டொலமைற் கலந்து இரண்டு மூன்று வாரம் ஆறவிட்ட மண் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு பங்கு. எவ்வளவு டொலமைற் என்பதை மண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஒருமுறை நிரப்பிய பாத்தியை மறுபடி முள்ளுக் குத்திக் கொத்த வேண்டாம். மேலே கூட்டெரு போட்டுக்கொண்டே வந்தால் மண்புழு உள்ளே இழுத்துக்கொள்ளும். வெயில் மாதங்களில் மானாப்புல் வெட்டி மேலே பரப்பினால் களையும் வராது, ஈரமும் போகாது. மழை பிடித்ததும் அதை அள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் நத்தைக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

இனி என்ன நடுவது. நுவரெலியா என்றதும் நினைவுக்கு வரும் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு, கோவா ஆகிய நான்கும் இந்தப் பாத்திக்கு வேண்டாம். இது பலருக்கு ஒப்பாது, சந்தையில் விலை போவது அதுதானே என்பார்கள். லீக்ஸ் நிலத்தில் நாலைந்து மாதம் இருக்கும், வெள்ளைத் தண்டு வேண்டுமென்றால் மண் அணைத்துக்கொண்டே வர வேண்டும். கரட்டை முளைத்ததும் குனிந்து கலைத்துவிட வேண்டும். உருளைக்கிழங்குக்கு விதைக்கிழங்கு வாங்க வேண்டும், மழையில் வெளிறல் நோய்க்கு மருந்தடிக்க வேண்டும். கோவாவுக்குப் புழு. நான்குமே ஒரே நாளில் மொத்தமாகப் பிடுங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும் பயிர்கள். நடமாட்டம் குறைந்தவருக்கு அந்த மறுதொடக்கம்தான் பாரம். ஒருமுறை நட்டு வருடக்கணக்கில் பறிப்பது, அல்லது நுனியைக் கிள்ளக் கிள்ளத் தழைப்பது என்ற இரண்டு வகைக்குள் பயிரைத் தேர்ந்தால் வேலை பறிப்பதோடு முடியும். கொழுந்தெடுத்த விரலுக்குக் கிள்ளத் தெரியும், அதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அந்த வகையில் முதலிடம் சௌசௌவுக்கு. முற்றிய காய் ஒன்றை அப்படியே மண்ணில் பாதி புதைத்தால் போதும். கொடி பல வருடம் நிற்கும். காயும் கறி, தளிரும் கறி. ஆனால் அதன் பந்தல் பாரம் பயங்கரம், நனைந்த கொடி மூங்கிலை முறிக்கும். தலைக்கு மேலே பந்தல் போட்டால் உட்கார்ந்திருப்பவருக்கு எட்டாது. வாசலை ஒட்டிய வேலியிலோ இரும்புக் குழாயில் கட்டிய சாய்வுத் தட்டியிலோ ஏற்றினால் காய் முகத்துக்கு நேரே தொங்கும். ஒரு வீட்டுக்கு ஒரு கொடி தாராளம், இரண்டாவது கொடி அயலாருக்குக் காய் கொடுத்து மாளாத தொல்லை.

மரத்தக்காளி ஒன்றரை, இரண்டு வருடத்தில் காய்க்கத் தொடங்கும். விட்டால் பத்தடி போகும். கன்று மூன்றடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் தாழ்வாகக் கிளைக்கும், பழம் கைக்கு வரும். வேர் மேலோட்டமானது, காற்றுக்குச் சாயும். அதனால் ஒரு முட்டுக்கோல் வேண்டும். கொடிப் போஞ்சியையும் சேர்க்கலாம். இரண்டு மாதத்துப் பயிர்தான், மறுபடி நட வேண்டியதுதான், ஆனாலும் தானாகவே நிமிர்ந்து கை மட்டத்துக்கு வந்துவிடுகிறது. செடிப் போஞ்சி குனிய வைக்கும். கொடிக்குக் கவ்வாத்து மிலாறு கிடைத்தால் நல்ல கொழுகொம்பு. தேயிலைக் குச்சி சீக்கிரம் உளுக்காது.

கீரைச் சாக்குகளில் வல்லாரை, பொன்னாங்கண்ணி, வெங்காயத்தாள், செலரி, சலாது. சலாதை அடியோடு வெட்டாமல் வெளி இலைகளை மட்டும் ஒடித்தால் வாரக்கணக்கில் வரும். பீட்ரூட்டையும் கிழங்குக்கன்றி இலைக்காகவே நடலாம். மிஞ்சிக்குத் தனி வாளி கொடுக்க வேண்டும், கூட்டுக்குடித்தனம் அதற்குச் சரிவராது. ஏறத்தாழ 4,100 அடி உயரத்து ஹற்றனில் கொச்சிக்காயும் கறிவேப்பிலையும் வெயில் படும் சுவரோரம் மெதுவாக வரும். 6,100 அடிக்கு மேல், நுவரெலியாவில், கறிவேப்பிலைக்கு மெனக்கெடுவது வீண்.

நுவரெலியாவுக்கே உரிய இன்னொரு கவலை பனி. ஜனவரி, பெப்ரவரியில் மேகமில்லாத இரவுகளில் தரையோடு உறைபனி படிந்து புல் வெள்ளையாகும், கொழுந்தும் கருகும். தரையிலிருந்து உயர்ந்து, கூரை இறவானத்துக்குள் நிற்கும் சாக்குக்குப் பாதிப்பு குறைவு. வெளியே நிற்பதை மாலையில் பழைய சாக்கால் மூடி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட்டால் தப்பும்.

பூவும் வேண்டும். சாமிப் படத்துக்கு வைக்கவும் வாசலில் பார்க்கவும் செவ்வந்தியும் ஜெரேனியமும் வாளியில் நன்றாக வரும். ஹைட்ரேஞ்சியாவுக்கு டொலமைற் போடாத புளிப்பு மண்ணே போதும். அந்த மண்ணிலுள்ள அலுமினியத்தால்தான் மலையகத்தில் அது அப்படி நீலமாகப் பூக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை வெட்டிவிட்டால் சரி. ரோஜா இந்தப் பட்டியலில் வராது. மழையில் இலைப்புள்ளி, ஊன்றுகோல்காரர் தடுமாறினால் கை போய் விழுமிடத்தில் முள்.

காட்டுப்பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் வாசலோரச் சாக்கு அவ்வளவாக அகப்படாது. குரங்குக்கு வேலி இல்லை, நாய்தான். நத்தைக்கு ஒரு பலகைத் துண்டைப் பாத்தி மேல் இரவில் கவிழ்த்து வைத்து, காலையில் தடியால் புரட்டிப் பொறுக்க வேண்டும். மருந்தடிக்கும் தேவை வந்தால் அந்தப் பயிரையே மாற்றிவிடுவது நல்லது. முதுகில் பதினாறு லீற்றர் பம்பு சுமக்க முடிந்தவருக்கு இந்த மடல் தேவையில்லை.

கருவிகளில் மம்பட்டிக்கு இங்கே இடமில்லை. சிறு கைமுள்ளு, சிறு கரண்டி, ஒரு கத்தரிக்கோல். பிடியில் பழைய சைக்கிள் ரியூப் சுற்றினால் பருக்கும், வழுக்காது, விரல் முழுக்க மடங்காதவருக்கும் பிடி கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு கட்டி நாற்காலியில் மாட்டிவிட்டால் கீழே விழுந்ததை எடுக்கக் குனிய வேண்டியதில்லை. நின்றபடி விதைக்க மூன்றடி பிவிசி குழாய்த் துண்டு ஒன்று போதும். ஒரு நுனியை மண்ணில் குத்தி, மறு நுனியில் போஞ்சி விதையைப் போட்டால் சரியான இடத்தில் விழும், குழாயின் விளிம்பாலேயே மண்ணைத் தள்ளி மூடலாம். ஒற்றைக் கையால் செய்யக்கூடிய வேலை. தண்ணீர் ஊற்ற ஐந்து லீற்றர் பூவாளி, அதுவும் பாதியளவு. மழை மாதங்களில் அட்டைக்குப் பாதையோரப் புல்லைக் கட்டையாக வெட்டி வைக்க வேண்டும். உணர்ச்சி குறைந்த நீரிழிவுக் காலில் அட்டை ஏறியது தெரியாது, கடிவாய் புண்ணாகும். அந்தக் காலுக்குச் செருப்பு போதாது, மூடிய சப்பாத்து வேண்டும்.

வேலையை இரண்டாகப் பிரித்து, தொடக்கத்திலேயே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். கிள்ளுவது, பறிப்பது, விதைப்பது, நீர் திறப்பது, நத்தை பார்ப்பது ஆகியவை பாத்திக்காரருடையவை. நாளுக்குக் கால் மணி நேரத்துக்குள் அடங்கும். மண் சுமப்பது, சாக்கு மாற்றுவது, டொலமைற் போடுவது, தட்டி கட்டுவது, பாதையில் பாசி தேய்ப்பது மன்றத்துடையவை. வருடத்துக்கு இரண்டு முறை வந்தால் போதும். அதற்கிடையே ஆர்வமிகுதியில் வந்து பாத்தியைக் கொத்திவிட்டுப் போகக் கூடாது. என்ன நடுவது, எதைப் பிடுங்குவது என்று முடிவெடுப்பவர் பாத்திக்காரரே. அவர் கேட்டது வெறும் செவ்வந்தி என்றால் அதுதான் நடப்பட வேண்டும்.

முதல் பருவத்தில் நான்கு சாக்கும் ஒரு சௌசௌவும் போதும். அவை ஆறு மாதம் நின்றால் மேலும் நான்கு வைக்கலாம், கல் பாத்தியைப் பற்றி அப்போது யோசிக்கலாம். பாதையும் பரலும் பெப்ரவரி, மார்ச் வெயிலிலேயே முடிந்துவிட வேண்டும், சீமெந்து இறுகவும் அதுதான் நல்ல காலம். சாக்கு நிரப்பி நடுவது ஏப்ரல் நடுப்பகுதிக்குள். சித்திரை மாலை மழையில் வேர் பிடித்த நாற்று மே மாதப் பெருமழையைத் தாங்கும். அந்தத் தவணை தப்பினால் ஜூனில் அவசரப்பட வேண்டாம், மழை ஓய்ந்து செப்டெம்பர் பிற்பாதியில் தொடங்கலாம்.